சர்க்கரைக்கு மின்னூட்டம் கிடையாது

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், உப்பு கரிக்கும்.

சிரிக்காதீர்கள், அதிகாரி அவர்களே. இதைவிடச் சின்ன உண்மைகளுக்கெல்லாம் எங்கள் ஆய்வகத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பூங்கொத்து வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கிறார்கள். என் உண்மைக்கு வாய்த்தது இந்த மேசையும், ஆடுகிற இந்த நாற்காலியும், ஒரு கோப்பைத் தேநீரும்தான். எனக்கு அது போதும். ஆடம்பரம் எனக்கு எப்போதுமே ஒத்துவராது.

பக்கத்து அறையில் என் தங்கையின் கணவர் உட்கார்ந்திருக்கிறார். தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நேற்றிலிருந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மருந்தின் செய்முறையில் தான் விட்ட பிழையால்தான் அவள் இறந்தாள் என்கிறாராம். கையெழுத்துப் போடவும் தயாராம். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். அவர் சொல்வது தவறு. செய்முறையில் ஒரு பிழையும் இல்லை. அதை எழுதியவன் நான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மூலக்கூறு. அதற்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்கு எண்ணெய்க் குணம், தண்ணீரைக் கண்டால் ஆகாது. கோடிக்கணக்கில் இவற்றைத் தண்ணீரில் விட்டால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். வால்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உள்ளே ஒளியும். தலைகள் இரண்டு பக்கமும் வெளியே காவல் நிற்கும். இப்படி இரட்டை அடுக்காக ஒரு மெல்லிய படலம் உருவாகும். அதைத்தான் சவ்வு என்கிறோம். உங்கள் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருப்பது இந்த ஏற்பாடுதான். ஒரு தலைவர் இல்லாமல், ஒரு குழு கூடாமல் நடக்கிற காரியம். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

நாங்கள் செய்த சவ்வில் ஒரு கூடுதல் சங்கடம். ஒவ்வொரு தலையிலும் நேர் மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். பக்கத்தில் இருப்பதையும் தள்ளும், எட்ட இருப்பதையும் தள்ளும். ஆனால் உள்ளே வால்கள் கட்டிக்கொண்டிருப்பதால் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இங்கேதான் உப்பு வருகிறது. தண்ணீரில் கரைந்ததும் உப்பு இரண்டாகப் பிரியும், ஒன்று நேர், ஒன்று எதிர். எதிர் மின்னூட்டமுள்ள துணுக்குகள் தலைகளைச் சுற்றி வந்து நின்றுகொள்ளும். அண்ணன் தம்பி சண்டையில் நடுவே நாற்காலி போட்டு உட்காருகிற சித்தப்பா மாதிரி. சண்டை தீராது, ஆனால் ஒருத்தர் குரல் அடுத்தவருக்கு எட்டாது. தள்ளல் அடங்கியதும் சவ்வு இளகும், வளையும், ஓரங்கள் ஒட்டிக் குட்டிக் குட்டி உருண்டைகளாக மூடிக்கொள்ளும். அந்த உருண்டைக்குள் மருந்தை வைக்கலாம். உப்பை எடுத்துவிட்டால், சித்தப்பா எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். தள்ளல் நெடுந்தூரம் எட்டும். சவ்வு விறைத்துக்கொள்ளும். உருண்டை மெல்லப் பிரிந்து, தட்டையாகி, நீண்ட நாடாவாகிவிடும். அதே மூலக்கூறுதான், அதே அளவுதான். உப்பு இருந்தால் பந்து, இல்லாவிட்டால் நாடா.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்தேன். கண்டுபிடித்தது மாப்பிள்ளை. அதாவது, அறிவித்தது.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது பக்கத்து அறையில் இருப்பவரைத்தான். எங்கள் ஆய்வகத்தின் தலைவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவர். ஆள் பார்க்க அம்சமாக இருப்பார். ஆய்வகத்தில் அவருக்கு முழக்கம் என்று பெயர். தேநீர் ஆறிவிட்டது என்பதைக்கூட அவரால் சாதாரணமாகச் சொல்ல முடியாது. வெப்பம் நம்மிடமிருந்து விடைபெற்றுவிட்டது என்பார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சகித்துக்கொண்டு போயிருக்கலாம்.

நாடாவை முதலில் நான்தான் அவருக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

“மச்சான், என்னது இது, புழு மாதிரி நெளியுது?”

“நம்ம சவ்வுதான் மாப்பிள்ளை. உப்பை எடுத்துட்டேன், நீண்டு போச்சு. திருப்பிப் போட்டா பொழுது சாயறதுக்குள்ள உருண்டையாயிடும்.”

“போடுங்க, பார்ப்போம்.”

போட்டேன். மாலையில் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“மச்சான், இன்னிக்கு நாம இயற்கையோட கதவைத் தட்டியிருக்கோம்,” என்றார்.

நான் தட்டினேன், அவர் பார்த்தார். இருந்தாலும் ‘நாம்’ என்றாரே, பெருந்தன்மைதான். அடுத்த கூட்டத்துக்குள் அது ‘நான்’ ஆகிவிட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் அவர் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரு விதியே பிறந்துவிட்டது. மேடையில் திரையில் அந்த விதி பெரிய எழுத்தில் வந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் மருந்து கலக்குகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு வெளியே வரும்போது என்னை மறித்துக்கொண்டு கேட்டாள். “ஏன் சார், நீங்கள்லாம் சாப்பாட்டுல உப்பு போட்டுத்தானே சாப்பிடறீங்க? ரோஷமே வராதா?”

“டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார்மா,” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் எப்போதும் சுமுகமான ஆள். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இனி என் தங்கை.

எங்கள் அப்பாவைக் கொண்டுபோன நோய் அவளுக்கும் வந்தது. ஈரல் ஒரு கோணல் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். அது நரம்புகளில் போய்ப் படியும். முதலில் விரல் மரத்துப் போகும், அப்புறம் கை விழும், பிறகு கால், கடைசியில் இதயம். குடும்பச் சொத்தாக வருகிற நோய். எனக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவள் பல் டாக்டர். ஒருநாள் நோயாளியின் வாய்க்குள் கருவியை நழுவ விட்டுவிட்டாள். அன்றைக்கே கிளினிக்கை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அப்பாவோட கை எனக்கு வந்திருச்சு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தப் புரதத்தை ஈரலிலேயே நிறுத்துகிற மருந்து ஏற்கெனவே உண்டு. ஆனால் ஈரல் வரைக்கும் அதைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வாகனம் வேண்டும். எங்கள் உருண்டைகள் அதற்கென்றே செய்தவை போல இருந்தன. மாப்பிள்ளை ராப்பகலாக அலைந்தார். அனுமதிக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டினார், இந்தத் தடவை நிஜமான கதவுகள். ஒரு கூட்டத்தில் பேச்சு வராமல் நின்றுவிட்டார் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் பங்குக்கு, பொறுப்புள்ள ஒருவன் செய்யவேண்டிய சோதனையை நான் செய்தேன். உருண்டைகள் நல்லவை, சரி. தப்பித்தவறி நாடாவாக உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும். முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.

கண்ணாடித் தட்டில் உப்பு போட்டால் நாடா நிதானமாக உருண்டையாகத் திரும்பும் என்றேன் அல்லவா. ரத்தத்திலும் உப்பு இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் நிதானத்துக்கு நேரம் கிடையாது. சிவப்பணுக்களின் மேல்புறம் எதிர் மின்னூட்டம் உள்ளது. நாடாவோ உடம்பெல்லாம் நேர் மின்னூட்டம். வளைந்துகொள்வதற்குள் கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கட்டிப்பிடித்த மூட்டைகள் ரத்தத்தோடு நகர்ந்து, நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

முயல்களைப் பார்த்துக்கொள்கிறவர் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார். “சார், எல்லாம் ஒரே சமயத்துல தூங்குதா?”

“ஆமா,” என்றேன். “கொஞ்சம் களைப்பு.”

முயல்கள் இயல்பிலேயே சத்தம் போடாத பிராணிகள். அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் விவரம் சொல்லவில்லை. கெட்ட செய்தியை அறிவிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது, அதனால் அது அவருக்குப் பயன்படாது. செய்முறையில் மட்டும், உப்புநீரில்தான் வைக்கவேண்டும், வேறெதிலும் கூடாது என்று தெளிவாக எழுதிவைத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்களிடம் இப்போது சொல்லவில்லையா.

தங்கைக்கு ஊசி ஆரம்பித்தார்கள். மருத்துவமனையில் மரங்களைப் பார்த்த ஓர் அறை. டாக்டர் அளந்து பேசுகிற மனிதர், எனக்குப் பிடித்த வகை. முதல் நாளே மாப்பிள்ளை கட்டிலின் காலடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

“இன்னிக்கு இந்த அறையில நடக்கறது, நாளைக்கு மனித குலம் முழுக்க...”

“மனித குலம் வெளியே வெயிட் பண்ணட்டும்,” என்றாள் தங்கை. “நீங்க அந்த ஜன்னலைத் திறங்க. மூச்சு முட்டுது.”

டாக்டர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தார். அவள் சொன்னால் அவருக்கு வலிக்காது. அதை நான் பல வருஷமாகக் கவனித்திருக்கிறேன். நான் எவ்வளவு சாமர்த்தியமாகக் குத்தினாலும் அந்த மனிதர் சுருங்கமாட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை மாதிரி சிரிப்பார். பலூனில் ஊசி குத்தினால் காற்று இறங்கவேண்டும். இறங்காத பலூனோடு ஒரு குடும்பத்தில் வாழ்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.

ஊசிகள் வேலை செய்தன. இதையும் நான் மறைக்கப்போவதில்லை. முதலில் விரல் நுனியில் குறுகுறுப்பு வந்தது. பிறகு கரண்டி பிடித்தாள். ஒருநாள் மாலை நான் போனபோது, மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கிற வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள்.

“சாப்பிடு அண்ணா. டாக்டர் உரிச்சது, பயப்படாதே.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “என்ன, பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே?”

“ஒண்ணுமில்ல. சந்தோஷம்தான்.”

“சந்தோஷத்துக்கு உன் மூஞ்சி பழகலை. கொஞ்சம் பயிற்சி எடு.”

சுளை இனிப்பாக இருந்தது. சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை அதற்குள் ஓர் அரங்கத்தை வாடகைக்குப் பேசிவிட்டார். பெரிய கூட்டம். வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மேடையில் அவர் தன் விதியை விளக்குவார். திரையில் உருண்டைகள் மிதக்கும். அப்புறம் விளக்கு அணையும், மறுபடி வரும்போது மேடை நடுவே ஒரு நாற்காலியில் என் தங்கை உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிப்பாள். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. பழம் உரித்து முடித்ததும் கை தட்டல். அவள் முதலில் மறுத்தாள். “சர்க்கஸ் குரங்கா நான்?” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, பழத்தை நானே சாப்பிடுவேன், யாருக்கும் பங்கு கிடையாது,” என்று ஒப்புக்கொண்டாள்.

அதிகாரி அவர்களே, நீங்கள் நியாயமான மனிதராகத் தெரிகிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஓர் ஆள் குணமானதை வைத்து ஒரு விதியை நிலைநாட்டலாமா? அறிவியல் அப்படியா நடக்கிறது? ஒரு விதி உண்மையா என்று அறிய, அது உடைகிற இடத்தையும் பார்க்கவேண்டும். உப்பு இருந்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் பார்த்தாயிற்று. உப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விதியின் மறுபாதி. அந்த மறுபாதி இல்லாமல் மேடை ஏறுவது நேர்மையில்லை. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைதான் என்னைச் செய்ய வைத்தது. கூடவே, ஒரு சின்னக் காய்ச்சல், ஒரு நடுக்கம், கூட்டம் தள்ளிவைப்பு, மாப்பிள்ளை கொஞ்சம் வாயடைத்துப் போவது, இவ்வளவுதான் நான் எதிர்பார்த்தேன்.

முயல்களைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கிறது. முயல் வேறு, மனிதர் வேறு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது.

வெறும் தண்ணீரில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ரத்தத்தில் உப்பு எவ்வளவு அடர்த்தியோ அதே அடர்த்தி மருந்திலும் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. திரவத்தை உறையவைத்து, எந்தக் குளிரில் உறைகிறது என்று பார்த்து எண் சொல்லும். எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், என்ன கரைந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு ஒரு நாக்கு வைத்திருந்தால் என் தங்கை பிழைத்திருப்பாள். ஆனால் சர்க்கரைக்கு மின்னூட்டம் கிடையாது. அது தலைகளுக்கு நடுவே போய் நிற்காது, சமாதானம் பேசாது. நல்ல மனசோடு சும்மா இனித்துக்கொண்டு நிற்கும். மின்சாரம் கடத்துகிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். எங்கள் ஆய்வகத்தில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மின்னூட்டத்தைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பேசுகிற இடம் அது. பேசுகிறோமே, போதாதா என்று இருந்துவிட்டார்கள்.

மருந்து கலக்குகிற பெண் மேல் தவறு இல்லை. அவள் கையில் இருந்த உப்புநீர்ப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். கருவி காட்டிய எண் சரியாக இருந்தது.

“கொஞ்சம் பளபளன்னு இருக்கே சார்,” என்றாள் குப்பியைத் தூக்கிப் பிடித்து.

“புதுசா வந்த கண்ணாடிம்மா,” என்றேன். “கண்ணாடி நல்லா இருந்தா உள்ளே இருக்கறதும் நல்லா இருக்கும்.”

“மனுஷங்களுக்கும் அப்படி இருந்தா தேவலை,” என்று சொல்லிவிட்டு மூடியை அழுத்தினாள். வாய்தான் நீளம் என்றேனே.

குப்பி ஒரு நாள் முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தது. உருண்டைகள் பிரிந்து நீள்வதற்கு அந்த அவகாசம் தேவை. அந்த நாளில் நான் வழக்கம்போல வேலை பார்த்தேன். இரண்டு பேருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொடுத்தேன். நடுவில் எந்த நேரத்திலும் போய் அந்தக் குப்பியைக் கவிழ்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லலாம்.

மறுநாள் காலை அறையில் நாலு பேர் இருந்தோம். டாக்டர், மாப்பிள்ளை, நான், அவள். ஜன்னல் திறந்திருந்தது. மாப்பிள்ளை குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சுழற்றினார். உள்ளே திரவம் பட்டுத்துணியை உதறிய மாதிரி அலையலையாக மின்னியது. நாடாக்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிப் படுத்தால் அப்படித்தான் மின்னும். உருண்டைகள் ஒருநாளும் மின்னாது, நீர்த்த பால் மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். தன் பெயரில் இருக்கிற விதியைத் தெரிந்த எவனும் அதைப் பார்த்த மாத்திரத்தில் குப்பியைக் கீழே வைத்திருப்பான்.

“பாருங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “பட்டு மாதிரி இருக்கு. என்ன அழகு பாருங்க.”

நான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

“என் கல்யாணப் புடவைகூட இவ்வளவு மின்னலை,” என்றாள் தங்கை. “அதுல காசை மிச்சம் பிடிச்சு இதுல விட்டிருக்கீங்க.”

டாக்டர் குழாயில் மருந்தை ஏற்றினார். அவள் மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். விரல் நன்றாக வேலை செய்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, “அதைத் திறங்களேன்,” என்றாள்.

“திறந்துதான்மா இருக்கு,” என்றார் மாப்பிள்ளை.

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. சின்ன வயதில், விளையாட்டில் மற்றப் பிள்ளைகள் ஏமாற்றினார்களா இல்லையா என்று என்னைத்தான் கேட்பாள். நான் தலையாட்டினேன். ஆமாம், திறந்திருக்கிறது.

பிறகு டாக்டரும் மற்றவர்களும் நிறையச் செய்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், குழாய் வைத்தார்கள். நாடா அடைத்த நுரையீரலில் அதெல்லாம் பலிக்காது என்று எனக்குத் தெரிந்திருந்ததால், இடைஞ்சலாக இல்லாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அது அவள் கையில் இருந்தது. விரல்களை ஒரு நர்ஸ்தான் பிரித்து எடுத்தார். நல்ல பிடி என்று நினைத்துக்கொண்டேன். மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது.

அன்றிலிருந்து மாப்பிள்ளை முழங்குவதில்லை. ஆய்வகத்தில் யாராவது எதையாவது கேட்டால், ‘ம்’ என்கிறார். தேநீரை ஆறவிட்டுவிட்டு அப்படியே குடிக்கிறார். நான் நினைத்ததைவிட இந்த அமைதி கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். நான் வீட்டில் இருந்துவிட்டிருப்பேன். உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. நீங்களே சொன்னீர்கள், என் பெயர் உங்கள் விசாரணையில் எங்குமே இல்லை என்று.

அங்கேதான் இடித்தது. நேற்று சாயங்காலம் மருந்து கலக்குகிற பெண் அழுதுகொண்டே வந்து சொன்னாள். “சார், தலைவர் எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டார் சார். செய்முறையே தன்னோடதுதானாம். எங்கேயோ கணக்கு தப்பிடுச்சாம். தான்தான் கொன்னுட்டேன்னு சொல்றார்.”

பாருங்கள். விதியைப் பார்த்தது நான், அது அவர் பெயரில். செய்முறையை எழுதியது நான், அதுவும் அவர் பெயரில். இப்போது இதுவும். கொஞ்சம் நேர்மையோடு யோசித்துப் பாருங்கள், இந்த மனிதருக்கு நாடாவைப் பற்றி என்ன தெரியும்? பட்டு என்றார். கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பட்டு என்றார். உப்பை எடுத்து, அதே உறைநிலையில் சர்க்கரையை நிறுத்தி, நீள்வதற்கு வேண்டிய அவகாசத்தைக் கணித்து, எந்தக் கருவியிலும் சிக்காமல் ஒரு காரியத்தைச் செய்ய இந்த விஷயம் முழுசாகப் புரிந்த ஒருவனால்தான் முடியும். அப்படி ஒருவன் அந்த ஆய்வகத்தில் ஒரே ஒரு ஆள்தான். நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதில் அந்த ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். பிழை என்று எங்கேயும் எழுதவேண்டாம். பிழை எதுவும் நடக்கவில்லை.

தேநீருக்கு நன்றி. இல்லை, இன்னொன்று வேண்டாம்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, தெரியும். அவள் நோய் நின்றுவிட்டது, இனி மருந்து தேவையில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கடைசியாக ஓர் ஊசி எதற்கு, அதை யார் கேட்டார்கள் என்கிறீர்கள். டாக்டர் போதும் என்றார். மாப்பிள்ளையும் போதும் என்றார். அவளும் பையில் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டிருந்தாள். எனக்காக இன்னும் ஒன்றே ஒன்று போட்டுக்கொள் என்று நான் கேட்டேன், அவள் சரி என்றாள்.